மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பழைய காருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? உங்கள் புதுக் கம்ப்யூட்டர் என்றாவது ஒருநாள் உயிர் பெறாமல் நின்றால், இந்தக் கதை உதவும்.

அப்பாவிடம் ஒரு பழைய கார் உண்டு. எலக்ட்ரானிக் இக்னிஷன் இல்லாத, பாயின்ட், கண்டென்சர் வைத்த வகை. போன மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்துவிட்டு, அப்பாவைச் சாவியைத் திருகச் சொன்னேன். நீல நிறத்தில் 'சட் சட்' என்று பொறி வர வேண்டும். வந்ததோ மெலிந்த மஞ்சள் பொறி.

இன்ஜினியரிங் படித்தவன் அல்லவா! "காயில் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொன்னேன். புதுக் காயில் மாட்டினோம். பொறி மாறவில்லை. நான்கு பிளக்குகளையும் மாற்றினோம். அதே மஞ்சள்தான். அப்பா ஒன்றும் பேசாமல் காயலான் கடைக்காரரை மறுநாள் வரச் சொல்லிவிட்டார்.

அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. அலுவலகத்தில் ஒரு புரோகிராம் தகராறு செய்தால் கண்ட வரிகளையெல்லாமா மாற்றுகிறேன்? எதுவரை சரியாக ஓடுகிறது என்று படிப்படியாகத்தானே பார்க்கிறேன்?

காரில் கரன்ட் போகும் வழி இதுதான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்கு. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் வழியாக எர்த்துக்கு. பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. அது ரோட்டார், மூடி, வயர் வழியாகப் பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்த முறை இது. பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களிலும் இதே ஏற்பாடுதான்.

காலையில் மல்டிமீட்டருடன் உட்கார்ந்தேன். பேட்டரியில் 12.5 வோல்ட். சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் உள்வரும் முனையில் பார்த்தால் 9 வோல்ட்தான்! (சில கார்களில் இடையே ஒரு பலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும், அவற்றில் இப்படிக் குறைவது இயல்பு. எங்கள் காரில் அது இல்லை.) சாவி சுவிட்சுக்கு முன்னால் 12-க்கு மேல், பின்னால் 9. சுவிட்சின் பின்புற முனையில் பச்சைக் களிம்பு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். பொறி நீலமானது. இன்ஜினும் ஓடியது.

வோல்ட் சரியாக இருந்திருந்தால் அடுத்தது பாயின்ட் இடைவெளி. பாயின்ட் கருகியிருந்தால் கண்டென்சர் மேல் சந்தேகப்படலாம். காயிலின் நடு வயரில் பொறி பலமாக வந்து, பிளக்கில் மட்டும் மெலிந்தால் ரோட்டார், மூடி, பிளக் வயர்களைப் பார்க்க வேண்டும். பிளக்கை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். பெட்ரோல் வாடை இருந்தால் பொறியைச் சோதிக்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டரிலும் இதே தவறைத்தான் பலரும் செய்கிறார்கள். திரை கருப்பாக இருந்தால் உடனே "மதர்போர்டு போச்சு" என்கிறார்கள். சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எஸ்.எம்.பி.எஸ். பின்னால் உள்ள சுவிட்ச், மானிட்டர் கேபிள், ராம் உட்கார்ந்திருக்கும் விதம் என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். கரன்டை நிறுத்திய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

சர்வீஸ் செய்பவர் தன்னிடம் உள்ள நல்ல ராமைப் போட்டுப் பார்ப்பது தவறில்லை. அதுவும் ஒரு சோதனைதான். ஆனால் நம் காசில் புதிது வாங்கி மாட்டிப் பார்ப்பது சோதனை அல்ல, சூதாட்டம். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். இன்ஜினியர் மகன் சொன்னாலும் கேளுங்கள்.

காயலான் கடைக்காரர் சொன்னபடி வந்தார். அப்பா பழைய செய்தித்தாள்களைப் போட்டு அனுப்பினார். ஒரு குறையும் இல்லாத அந்தப் பழைய காயில் இன்றும் டிக்கியில் கிடக்கிறது.