மூன்று மாதத்தில் முடிந்துபோகும் உரிமை

சட்டம் அறியாமை மன்னிப்பாகாது என்பது நீதிமன்றங்களிற் பன்னெடுங்காலமாக வழங்கிவரும் கோட்பாடு. குற்றஞ் செய்தவனைத் தண்டிப்பதற்கு இக்கோட்பாடு நன்கு பயன்படுகின்றது. ஆயின், காசு கொடுத்துப் பொருள் வாங்கி ஏமாந்தவனும் சட்டம் அறியாத ஒரே காரணத்தால் தன் உரிமையை இழந்துவிடுகின்றானே, அவனுக்கு அச்சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? அரசாங்கமா? வணிகரா? கறுப்புக் கோட்டணிந்த எம்மவரா? மூவருமே இதுகாறும் வாளாவிருந்தோம் என்பதை ஒப்புக்கொண்டே இதனை எழுதப் புகுகின்றோம்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே உள்ள கெலிஓயாவிலே, ஞாயிறுதோறும் சில மணி நேரம் மக்கள் குறை கேட்க அமர்வது எமது வழக்கம். முன்னெல்லாம் காணித் தகராறு, எல்லை வேலி, ஓய்வூதியம், பிறப்புச் சான்றிதழிற் பெயர்ப் பிழை என்பனவே பெரிதும் வரும். இப்பொழுது வருவோரிற் பலர் உறுதிப் பத்திரத்தை நீட்டுவதில்லை, கைத்தொலைபேசியை நீட்டுகின்றனர்.

அண்மையில் வந்தவர் ஒரு மரக்கறிச் செய்கையாளர். முகநூலிற் கண்ட விளம்பரத்தை நம்பி, நீரிறைக்கும் இயந்திரமொன்றை வாங்கியிருந்தார். "ஓராண்டு உத்தரவாதம்" என்று விளம்பரம் கூறிற்று. கூரியர் மூலம் பொருள் வந்தது. கையிற் பெறும்போதே பணம் கொடுத்துத் தீர்த்தார். இயந்திரம் ஒன்பது நாள் ஓடிற்று. பத்தாம் நாள் நின்றது. தொலைபேசியில் அழைத்தபோது, "அடுத்த வாரம் ஆளனுப்புகிறோம்" என்றார்கள். அடுத்த வாரமும் அவ்வாறே. அதற்கடுத்த வாரம் அந்த எண் பேசவேயில்லை.

"கடைக்காரன் முகத்தைப் பார்த்தே சாமான் வாங்கிப் பழகினவங்க ஐயா நாங்க. இதுல முகமே இல்ல" என்றார் அவர். முகநூல் என்று பெயர் வைத்தவர்கள் இதனைக் கேட்டிருக்க வேண்டும்.

யாம் அவரிடம் முதலிற் கேட்டது ஒன்றே: வாங்கி எத்தனை நாளாயிற்று? எண்ணிப் பார்த்து, எண்பது நாளாயிற்று என்றார். எமக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனெனில், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உத்தரவாதத்திற்கு ஒவ்வாத பொருளை விற்றமை பற்றி அதிகாரசபைக்கு முறையிட இடமளிக்கின்றது. விசாரித்தபின் நட்டஈடு கொடுக்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தைத் திருப்புமாறோ கட்டளையிடும் அதிகாரத்தையும் சபைக்கு வழங்குகின்றது. ஆனால் முறைப்பாடு எழுத்திலிருத்தல் வேண்டும். விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்படுதலும் வேண்டும்.

இவ்விடத்தே சற்று நின்று நோக்குக. விற்றவர் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சொல்லிய ஒவ்வொரு முறையும் கழிந்தது யாருடைய காலம்? வாங்கியவருடைய காலம். அன்பான சொல்லால் நாளைக் கடத்துவது வணிகருக்கு மிக மலிவான தற்காப்பாக அமைந்துவிட்டது. வாய்ச்சொல் சட்டத்தின் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. ஓராண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருக்கின்றதே, ஓராண்டு வரை முறையிடலாம் அன்றோ என்று எண்ணிப் பலர் ஏமாறுகின்றனர். உத்தரவாதத்தின் ஆயுள் வேறு, அதிகாரசபையின் வாயில் திறந்திருக்கும் காலம் வேறு. அவ்வாயில் மூடியபின் எஞ்சியிருப்பது நீதிமன்றம். அங்கு செல்வதற்கு முன்னரும், சிறு தொகைப் பிணக்காயின், மத்தியஸ்த சபையிலே தோன்றி, இணக்கம் ஏற்படவில்லையென்ற சான்றிதழைப் பெறுதல் வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அச்சபைகளிலே சட்டத்தரணிகள் கட்சிக்காரருக்காகத் தோன்ற இயலாது. அதனாற்றான் அங்கு காரியங்கள் விரைவாக முடிகின்றன என்று சொல்வாருமுளர். யாம் மறுத்துரைக்கப் போவதில்லை.

பற்றுச்சீட்டு உண்டா என்று அடுத்துக் கேட்டோம். இல்லை என்றார். கேட்டீரா? கேட்கவில்லை என்றார். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வணிகர் கடமைப்பட்டவர் என்பதே சட்டம். கேட்டால் என்னும் சொல்லை நன்கு கவனிக்க. கண்டி மாநகரில் பெரிய கடையிற் கேட்கத் துணிபவர்கூட, நம்மூர்க் கடையில், "அவர் நம்மவர், என்ன நினைப்பாரோ" என்று கூசி வாளா திரும்புகின்றார். நம்மவரிடம் கேட்பதற்கு வெட்கப்படும் வழக்கம் ஒழிய வேண்டும். நேர்மையான வணிகருக்குப் பற்றுச்சீட்டு ஒரு தாள். நேர்மையற்றவருக்கே அது சுமை.

நல்லவேளையாக, அவருடைய மகள் அவ்விளம்பரத்தையும் உரையாடலையும் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைத்திருந்தாள். "இந்தப் படமெல்லாம் கோட்டுக்கு ஆகுமா ஐயா?" என்ற ஐயம் தந்தைக்கு. ஆகும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கின்றதென்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று வகுத்திருக்கின்றது. வாட்ஸ்அப்பில் விலை பேசி "சரி, அனுப்புங்கள்" என்று எழுதினால் அது பேச்சன்று, ஒப்பந்தம். ஆகவே அவ்வுரையாடலை அழித்துவிடாதீர்கள். விளம்பரத்தில் நாளும் பக்கத்தின் பெயரும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். விற்றவர் விளம்பரத்தை நீக்க ஒரு நொடி போதும்.

இதற்கு ஒரு பெரும் விலக்குண்டு. காணி வாங்குவது இச்சட்டத்துள் அடங்காது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன், எழுத்தில் நிறைவேறுதல் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் மகன் இணையத்திற் படம் பார்த்து முற்பணம் அனுப்பிவிட்டான், இனிக் காணி நம்முடையதுதான் என்று நம்பியிருக்கும் பெற்றோரை யாம் கண்டிருக்கின்றோம். கைத்தொலைபேசியில் எத்தனை "சரி" எழுதினாலும் ஓர் அங்குல நிலமும் கைமாறாது.

கடைகளிலே தொங்கும் ஒரு பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." இதனைக் கண்டதும் நம்மவர் வாயடைத்துப் போகின்றனர். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க இலங்கைச் சட்டத்தில் உரிமையில்லை, உண்மை. ஆனால் பொருள் பழுதென்றால் நிலைமை வேறு. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரத்தின்படி விற்ற பொருள் அவ்விவரத்திற்கு ஒத்திருக்க வேண்டும், வணிகத் தரமுடையதாயிருக்க வேண்டும் என்று நூற்றாண்டுக்கு முன்னரே விதித்துவிட்டது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், தம் பொறுப்பைத் தாமே துறந்துகொள்ளும் நிபந்தனைகளுக்கு வரம்பு கட்டியுள்ளது. ஒரு பலகையைத் தொங்கவிட்டு நாட்டின் சட்டத்தை நீக்கிவிட இயலுமாயின், நாடாளுமன்றம் எதற்கு?

ஆயினும் எமது சட்டம் போதுமானதென்று யாம் கூறமாட்டோம். ஜேர்மனியில் வாழும் எமது பழைய நண்பரொருவர் இக்கதையைக் கேட்டுத் தொலைபேசியிற் சிரித்தார். அங்கே இணையத்தின் வழி வாங்கிய பொருளைப் பதினான்கு நாட்களுக்குள், காரணமெதுவும் கூறாமலே திருப்பிவிடலாம். அவ்வுரிமை உண்டென்பதை விற்பவர் முறைப்படி அறிவிக்கத் தவறினால், மேலும் பன்னிரண்டு மாதம் அது நீளும். அளவெடுத்துச் செய்த பொருள், விரைவிற் கெட்டுப்போகும் பண்டம் முதலியவற்றிற்கு மட்டும் விலக்கு. பழுதான பொருளுக்கு இரண்டாண்டுப் பொறுப்பு; 2022 சனவரி முதல், வாங்கி ஓராண்டுக்குள் தோன்றும் பழுது தொடக்கத்திலேயே இருந்ததென்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். அன்று என்று நிறுவும் பாரம் விற்றவர் தலையில். இணையத்திற் சந்தா சேர்ப்போர், விலகுவதற்கும் அதே இணையத்தில் ஒரு பொத்தானை வைத்தல் வேண்டுமென 2022 சூலை முதல் விதி. யாவற்றினும் மேலாக, இணையத்தில் வணிகம் செய்பவர் தம் பெயரையும் முகவரியையும் எளிதிற் காணும்படி இட்டிருத்தல் வேண்டும். "முகமில்லாத கடை" அங்கே சட்டமீறல்.

அந்நாட்டுச் சட்டம் தேனும் பாலுமன்று. படத்தை இலவசமாக இறக்கிப் பார்ப்பதாக எண்ணி, இறக்கும்போதே பிறருக்கும் பகிரும் செயலியைப் பயன்படுத்திய வீட்டாருக்குச் சட்டத்தரணியின் எச்சரிக்கைக் கடிதம் பணக் கோரிக்கையுடன் வந்து சேருகின்றது. பிள்ளை செய்த வேலைக்குத் தந்தை விடை எழுதுகின்றார். கடிதத்தைக் குப்பையில் எறிந்தவர் பின்னர் நீதிமன்றச் செலவையும் சுமக்க நேரிடும். சட்டம் வலிமையாக இருக்கும் நாட்டில் அது இருபுறமும் வெட்டும் என்றார் நண்பர்.

ஜேர்மனி செல்வ நாடு, ஒப்பிடலாகாது என்பீராயின், அண்டை நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட உரிமை தந்துள்ளது. மும்பையிலிருந்து பொருள் வாங்கிய தேனி விவசாயி தேனியிலேயே முறையிடலாம். 2020 இல் வந்த மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, குறைகேட்கும் அலுவலரின் விவரம் ஆகியவற்றை வெளியிடும் கடமையை விதித்தன. எமது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, இணைய வணிகத்துக்கென ஒரு பிரிவுமில்லை. மனமாறித் திருப்பும் காலமும் இல்லை.

நேரமில்லையென்று ஆட்சியாளர் சொல்ல இயலாது. இணையத்தைப் பற்றி நாடாளுமன்றம் நேரம் ஒதுக்கியே இருக்கின்றது. எதற்கு ஒதுக்கிற்று என்பதே கேள்வி. குடிமக்களின் தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் சட்டம் 2022 இல் 9 ஆம் இலக்கமாக நிறைவேறிற்று. அதன் பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2025 மார்ச் 18 எனக் குறிக்கப்பட்டுப் பின்னர் பின்போடப்பட்டது. மக்கள் இணையத்தில் எழுதுவதை ஆராயும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எதிர்ப்பையும் கண்டனத்தையும் கடந்து, 2024 சனவரி 24 அன்று 108 வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது, எதிர்த்தோர் 62. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், முகநூலில் எழுதிய ஒரு பதிவுக்காக 2020 ஏப்பிரலிற் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்ததை இப்பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டனவென்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்துப் பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கட்டளையிட்டது. எழுதிய குடிமகனைத் தேடிப் பிடிக்கப் பொலிசாருக்கு நெடுநாள் தேவைப்படவில்லை. பழுதான இயந்திரத்தை விற்றுவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டவனை மட்டும் கண்டுபிடிக்க இயலாதாம்!

எமது கோரிக்கை பெரிதன்று. இணையத்தில் விற்பவர் பெயரும் முகவரியும் வெளியிடுதல் கட்டாயமாகட்டும். ஏழு நாளாயினும் திருப்பும் காலம் கிடைக்கட்டும். மூன்று மாதக் கணக்கு, உத்தரவாதம் எழுதிக் கொடுத்த பொருளுக்கு, அவ்வுத்தரவாதம் முடியும் நாளிலிருந்து தொடங்கட்டும். இம்மூன்றும் ஒரு சிறு திருத்தச் சட்டத்தில் அடங்கும். 2021 இல் உச்ச விலையை மீறுவோருக்கான தண்டப் பணத்தை உயர்த்த இதே சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தவில்லையா?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். முறைப்பாட்டை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதினாற்றான் எடுபடும் என்றெண்ணி, எழுதித் தருவதற்கு ஆளைத் தேடியே நாளைக் கழிப்பவர் பலர். வேண்டாம். நிருவாக மொழி சிங்களமாயுள்ள மாவட்டங்களிலும் அரசாங்க அலுவலரோடு தமிழிலே தொடர்புகொள்ளவும், தமிழிலே விடை பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. 1988 இன் பதினாறாந் திருத்தம் அதனைத் தெளிவாக்கிற்று. கண்டி மாவட்டம் இதற்கு விலக்கன்று. உரிமை ஏட்டிலிருக்க, மேசையிலே தமிழறிந்த அலுவலர் இல்லாத நாட்களும் உண்டென்பதை யாமறிவோம். அதற்காக எழுதாமல் விட்டால், தமிழில் முறையிடுவோரே இல்லை என்றல்லவா கணக்கெழுதுவார்கள்?

அந்தச் செய்கையாளரின் முறைப்பாட்டை அன்றே தமிழில் எழுதினோம். பொருளின் பெயர், வாங்கிய நாள், கொடுத்த தொகை, விளம்பரத்தின் வாசகம், கூரியர் தாளிலிருந்த ஊரும் எண்ணும், பழுதான நாள், பேசிய நாட்கள், வேண்டும் பரிகாரம் ஆகிய இவ்வளவே; ஒன்றரைப் பக்கம். திங்கட்கிழமை காலை பதிவுத் தபாலிற் சென்றது. விசாரணை நாளுக்குக் காத்திருக்கின்றோம். முடிவை இப்பக்கத்தில் எழுதுவோம்.

வரும் ஞாயிறும் வழமைபோல் கெலிஓயாவில் இருப்போம். வருவோர் பற்றுச்சீட்டு, உத்தரவாதத் தாள், பொருள் வந்த உறை, வங்கியிற் பணம் கட்டிய சீட்டு ஆகியவற்றைக் கொண்டு வருக. கைத்தொலைபேசியில் எதையும் அழிக்க வேண்டாம். அவசரமாயின் எமக்காகக் காத்திராது, அதிகாரசபையின் 1977 என்னும் எண்ணை அழைக்கலாம். ஆனால் அழைத்ததோடு நின்றுவிடாமல், மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுத்துவிடுக.