சொன்ன சொல்லும் காத்திருந்த பிள்ளையும்

சேரங்கோட்டுப் பையன்களுக்குப் பொறுமை இல்லை என்று நாம் பேசாத நாள் இல்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். வாங்கிய சம்பளம் அந்த வாரமே கரைகிறது. கோபம் வந்தால் கை நீள்கிறது. செல்போன் கெடுத்தது, சேர்க்கை கெடுத்தது என்கிறோம். அவன் வளர்ந்த தோட்டத்து லயத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதில் குடியிருந்த பெரியவர்கள் நாம்தானே.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சின்னப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2013-இல் அச்சில் வந்தது. பழைய கிரேயானைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் இரு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்" என்றார் ஒருவர். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து நின்றார். பிறகு எல்லோருக்கும் ஒரு மிட்டாய் வைத்து, கால்மணி நேரம் தொடாமல் இருந்தால் இன்னொன்று என்றார்கள். சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். பெரியவர் பேச்சை நம்ப முடியாத இடத்தில், கையில் இருப்பதை உடனே தின்பதுதானே புத்தி?

நம் பிள்ளைகளிடம் எத்தனை முறை வெறுங்கையோடு வந்து நின்றோம்! "சம்பளம் வரட்டும், ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தர்றேன்" என்போம். சம்பளமும் வரும். அன்று மாலை அதே பிள்ளையைத்தான் சோடா வாங்கக் கடைக்கு அனுப்புவோம்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் வேர் பிடித்த குடும்பங்கள் இங்கே ஏராளம். யார் யாரோ கொடுத்த வாக்கை நம்பிக் காத்திருந்த தலைமுறையின் மக்கள் நாம். வாக்குத் தவறினால் எப்படி வலிக்கும் என்று தெரிந்தும், வீட்டுக்குள் அதையே செய்தோம்.

ஆறு மணிக்கு மேல் யானைப் பயம். அப்பாவும் அம்மாவும் அடித்துக்கொண்டால் பிள்ளை வெளியே ஓடவும் வழியில்லை. ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நமக்கு எல்லாம் கேட்டது. குடும்ப விவகாரம் என்று டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தோம். கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அவளுக்கே எட்டு, ஒன்பது வயது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. அங்கே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆண்கள் நாம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நமக்கு அதுதான் வசதியாக இருந்தது.

பொறுமை இல்லாமல் வளரும் பிள்ளை பின்னாளில் என்ன ஆகும்? நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை ஆய்வாளர்கள் குழந்தைப் பருவம் முதலே பின்தொடர்ந்தார்கள். சிறுவயதில் சுயகட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலக் கேடு, பணமுடை, குற்ற வழக்கு எல்லாம் அதிகமாக இருந்தன. ஆனால் வளர வளர அந்தக் குணம் மேம்பட்டவர்கள், அப்படியே நின்றுவிட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எனக்குத் தெம்பு தருவது இந்தப் பகுதிதான்.

வரும் சம்பள நாளில் கடனுக்கும் சரக்குக்கும் முன்னால், பிள்ளைக்குச் சொன்ன ஒரு பொருளை வாங்குவோம். முடியாதென்றால் சொல்லாமல் இருப்போம். பக்கத்து வீட்டில் சத்தம் எழுந்தால் கதவைத் தட்டி, "தம்பி, இன்னைக்கு நம்ம வீட்ல சாப்பிட வா" என்று கூப்பிடுவோம். அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.