எழுத்துக்குத் தரகு இழிவா?

முதல் நாவலை எழுதி முடித்த நம் சமுதாய இளைஞர் ஒருவர், அதைப் பதிப்பகத்தாரிடம் கொண்டு சேர்க்க இலக்கிய முகவர் ஒருவரைத் தேடப் போவதாக அண்மையில் நம்மிடம் கூறினார். உடனிருந்த பெரியவர் சீறினார்: "மாட்டுக்குத் தரகர், மனைக்குத் தரகர், இனி எழுத்துக்குமா?"

தரகு என்ன பாவமா? ஒருவர் சார்பில் இன்னொருவர் கருமமாற்றுவதை ஷரீஅத் 'வகாலத்' என்கிறது. கூலி பேசியும் அதனைச் செய்யலாம். தரகர் கூலியில் இப்னு சீரீன், அதா போன்ற முன்னோர் குற்றங்காணவில்லை என்பதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் பதிவு செய்துள்ளார்கள். ஓதியவர்கள் இதை மறக்க நியாயமில்லை. அந்தப் பெரியவரும் ஓதியவர்தாம்!

லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரும் பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழி வரும் கைப்பிரதிகளையே ஏற்கின்றன. எழுதியவர் ஒரு கடிதமும், கதைச்சுருக்கமும், முதற்சில அத்தியாயங்களும் முகவருக்கு அனுப்புவார். நூல் விலைபோனால் ஆசிரியர் பெறும் தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு முகவருக்கு, விலைபோகாவிடில் ஒன்றுமில்லை.

நம்மிடையே நடப்பதென்ன? தமிழில் இவ்வழக்கம் வேரூன்றவில்லை. நாவல் எழுதியவனே அச்சுக்கூலி கட்டுகிறான். மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. வெளியீட்டு விழாவில் முதற்படி பெற்ற செல்வந்தர் பொன்னாடையோடு வீடு திரும்புகிறார், நூலைப் பிரிப்பதில்லை. மீந்த படிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. எழுதியவனிடமே பணம் பறிக்கும் இதற்குச் 'சமுதாய சேவை' என்று பெயர்! பின்னாளில், 1997இல், சாகித்திய அகாதமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் அவர்களே தம் முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988இல் சொந்தப் பொறுப்பில்தான் நூலாக்க நேர்ந்தது.

உமறுப் புலவருக்குச் சீதக்காதி வள்ளல் வாய்த்தாரே என்பர். வாய்த்தார். ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் புலவரை ஆற்றுப்படுத்தியவர் அவரே. அவர் மறைந்தபின் அபுல்காசிம் மரைக்காயர் தாங்கினார் என்பது நாமறிந்த வரலாறு. அத்தகைய வள்ளலாக இன்று எவர் முன்வருகிறார்? வள்ளலாகவும் வாரோம், வகீலையும் விடோம் என்பது எந்த நீதி?

அந்த இளைஞருக்கு நாம் சொன்னது இவ்வளவே: முன்பணம் கேட்பவரிடம் கைப்பிரதியைக் கொடுக்காதீர். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியும். மொழிபெயர்ப்பு உரிமையும் திரைப்பட உரிமையும் யாருக்கென்று எழுத்தில் வாங்கிய பின்னரே கையொப்பமிடும்.