ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது

தீவகத்துச் சங்கம் ஒன்றின் கூட்டறிக்கைக் கொப்பியை அண்மையில் புரட்டிப் பார்க்கக் கிடைத்தது. எந்தச் சங்கம் என்பது வேண்டாம். மாதத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பக்கம். இன்னார் முன்மொழிந்தார், இன்னார் வழிமொழிந்தார், ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பல மாதக் கூட்டங்களும் ஒரே பேனை, ஒரே சாய்வு எழுத்து. செயலாளர் ஒரே இருப்பில் எழுதி முடித்திருக்கிறார். கையெழுத்துகள் மட்டும் விதம்விதமாக இருந்தன.

வங்கிகளைக் கண்காணிக்கிறவர்கள் இப்படியான கொப்பிகளையும் கேட்டு வாங்கி வாசிப்பார்கள் என்றால் பலர் நம்பமாட்டார்கள். மத்திய வங்கியிலிருந்து ஆட்கள் வந்தால் பெட்டகத்தைத் திறந்து காசு எண்ணுவார்கள் என்பதே எங்கள் நினைப்பு.

வர்த்தக வங்கிகளின் ஆளுகைக்கென்று இலங்கை மத்திய வங்கி 2007 இல் 11 ஆம் இலக்கப் பணிப்புரையை வெளியிட்டது. பணிப்பாளர்கள் 7 பேருக்குக் குறையவோ 13 பேருக்குக் கூடவோ கூடாது என்றது அது. 9 வருடத்துக்கு மேல் கதிரை இல்லை என்றது. தலைவரும் பிரதம நிறைவேற்று அதிகாரியும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்றது. இதையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சரி போட ஓர் எழுதுவினைஞர் போதும். அந்தப் பணிப்புரையில் எனக்குப் பிடித்தது வேறொரு நிபந்தனை. சபை எந்தத் தரவைப் பார்த்தது, எதை ஆராய்ந்தது, எங்கே கருத்து முரண்பட்டது என்பதெல்லாம் கூட்டறிக்கையில் இருக்கவேண்டும் என்றது அது. சபை பொறுப்போடு நடந்ததா என்பது பின்னொரு நாள் வாசிக்கிறவருக்கு அதிலிருந்தே விளங்கவேண்டும் என்றும் கேட்டது. ஒருவரும் ஒருநாளும் 'வேண்டாம்' என்று சொல்லாத அறிக்கையை நல்ல பரிசோதகர் சந்தேகத்தோடுதான் மூடுவார்.

பணிப்புரை வந்து ஓராண்டில், 2008 டிசெம்பரில், கோல்டன் கீ கம்பனி சரிந்தது. மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புச் சேர்த்த கம்பனி அது. அதே செலிங்கோ குழுமத்தின் செலான் வங்கியிலும் காசை எடுக்கச் சனம் முண்டியடித்தது. குழுமத்துக்கும் வங்கிக்கும் தலைவர் லலித் கொத்தலாவல ஒருவரே. கடைசியில் மத்திய வங்கியின் நாணயச் சபை தலையிட்டு வங்கியின் முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது.

குறையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. சிலிக்கன் வேலி வங்கி 2023 மார்ச்சில் விழுந்தபோது, மேற்பார்வையாளர்கள் சுட்டிக்காட்டியும் தீர்க்கப்படாத குறைகள் 31 கிடந்தன. அதற்கு முந்திய வருடம் பல மாதங்களாக அங்கே இடர்நேர்வுக்குப் பொறுப்பான தலைமை அதிகாரியே இல்லை. எல்லாம் கோப்பில் இருந்தது. அழுத்திக் கேட்க ஆள் இல்லை.

தீவகத்துச் சங்கங்களுக்கு இப்படியான வங்கி விதிகள் எப்படிப் பொருந்தும்? திடீர்ச் சோதனை என்ற பேச்சையே நெடுந்தீவில் எடுக்க முடியாது. கணக்காய்வாளர் குறிகட்டுவானில் படகேறினால், மாவிலித்துறையில் அவர் இறங்குவதற்குள் செய்தி இறங்கிவிடும். சுயாதீனப் பணிப்பாளர் என்பது அதைவிடக் கஷ்டம். நயினாதீவில் யாருக்கு யார் உறவில்லை? தலைவரோடு வேலிச் சண்டை பிடித்து வழக்குக்குப் போனவர்தான் ஊரில் எஞ்சியிருக்கும் ஒரே சுயாதீனர்.

ஆனால் உறவினர் ஒரே சபையில் இருப்பது அல்ல முக்கியம். தனக்கு நலன் உள்ள விடயம் வரும்போது பணிப்பாளர் வாக்களிக்கக்கூடாது, நிறைவெண்ணிலும் அவரை எண்ணக்கூடாது என்றது அதே பணிப்புரை. மச்சானின் கடன் விண்ணப்பம் வரும்போது வாய் மூடி இருப்பதற்கு எந்தத் தீவும் தடையில்லை. அதை அறிக்கையில் ஒரு வரி எழுதி வைப்பதற்கும் காசு செலவில்லை.

இதெல்லாம் உரிமம் பெற்ற வங்கிகளுக்கு. எங்கள் சனத்தின் காசு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகளிலும் கிடக்கிறது. பெயரில் வங்கி இருந்தாலும் அவை மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வருவதில்லை. கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. உரிமம் பெற்ற வங்கி முறிந்தால் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை கொடுக்கும் வைப்புக் காப்புறுதியும் அவற்றுக்கு இல்லை. கிராமிய வங்கிகள் கெட்டவை என்று நான் சொல்லவரவில்லை. பெரிய வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத ஆட்களுக்கு நகை ஈட்டின் மேல் கைகொடுத்தவை அவை. ஆனால் அங்கே வெளியாள் கண் குறைவு என்பதால் அங்கத்தவரின் கண் கூடுதலாக வேண்டும்.

கோயில் பொதுக்கூட்டத்தில் தேர்ச் செலவுக் கணக்கைச் சதம் சதமாகக் கேட்டு, லண்டனில் இருந்து தொலைபேசியிலும் கேட்பிக்கும் ஊர் இது. அதே ஆட்கள் சங்கத்தின் பொதுச்சபைக் கூட்டத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கையுயர்த்தி வருகிறார்கள். அடுத்த முறை ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் நெறியாளர் சபை மறுத்த கடன் விண்ணப்பம் ஒன்றைக் காட்ட முடியுமா? என்ன காரணம், யார் மறுத்தது? தலைவர் முறைத்துப் பார்ப்பார். பார்க்கட்டும். கேள்வியையும் அவருடைய பதிலையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.