கால்வாய்க் கரையில் ஒரு பழைய நகரம்

புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்களைச் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்ட அழைத்துச் சென்றால், நம் கால்கள் தாமாகவே சிராங்கூன் சாலைக்குப் போகின்றன. வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, ஒரு தேநீர், அவ்வளவுதான். அந்த நடை தேவையானதே. ஆனால் அதுவே நம் எல்லையாகிவிடலாமா?

தேக்காவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்து போகக்கூடிய தூரத்தில் 14ஆம் நூற்றாண்டு நகரம் ஒன்று புதைந்து கிடக்கிறது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசியப் பள்ளிக்குப் போன எனக்கு, துமாசிக் என்பது பரமேஸ்வரா மலாக்காவுக்குப் போகுமுன் தங்கிய இடம் மட்டுமே. அது சுவர் எழுப்பி, வாணிபம் செய்து வாழ்ந்த ஊர் என்பதை இங்கு வந்த பிறகே அறிந்தேன்.

1822இல் ஜான் கிராஃபர்ட் அதன் எல்லையைச் சுற்றி நடந்தார். கடற்கரையிலிருந்து குன்றின் அடிவாரம் நோக்கி ஏறத்தாழ ஒரு மைல் நீண்ட மண்சுவரையும், அதை ஒட்டி அகழிபோல் ஓடிய சிற்றோடையையும் பதிவு செய்தார். அடியில் 16 அடி அகலம், உயரம் எட்டு ஒன்பது அடி. சுவர் இன்று இல்லை. ஓடைதான் பின்னாளில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆனது. அதன்மேல் மூடி போட்டு நாம் நடந்துகொண்டிருக்கிறோம்.

குன்று, இன்றைய ஃபோர்ட் கேனிங். 1928இல் அங்கே தங்க நகைகள் கிடைத்தன. 1984இல் தொடங்கிய அகழாய்வில் சீனப் பீங்கான்களும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன.

இதைச் சொன்னதும் சில நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அங்கே தமிழர் இருந்தார்களா?" 1025இல் படையெடுத்த இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரம் உண்டு; துமாசிக் என்ற பெயர் இல்லை. 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்லில் சோழர் பட்டப்பெயர் ஒன்று இருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வாளர் கருதினார். அது இன்னும் முடிவான செய்தி அல்ல. நகைகளோ சாவக வேலைப்பாடு கொண்டவை.

இருக்கட்டுமே! தமிழர் கால்பட்ட மண்ணைப் பற்றி மட்டும்தான் தமிழில் பேசுவோம் என்றால், தமிழைச் சுருக்குகிறவர்கள் நாம்தான். மலாய்க்காரரும் சீனரும் சாவகரும் கலந்து வாழ்ந்த ஊரைப் பற்றியும் நம் மொழியில் வாய்விட்டுப் பேசும்போதுதான் தமிழ் இந்நாட்டின் மொழியாகிறது.

அடுத்த ஆண்டு நம் கழகம் இந்த நடையைத் தமிழில் நடத்தட்டும். தேசிய அரும்பொருளகத்தில் கல்லின் எஞ்சிய துண்டைப் பார்த்துவிட்டுக் குன்றேறுவோம். தேநீருக்குத் தேக்கா இருக்கவே இருக்கிறது.