பதினேழு வயதில் ஓர் உயில்

உயில் எழுத வேண்டுமென்றால் ஒன்று வயசாகியிருக்க வேண்டும், இல்லை சொத்தாவது இருக்க வேண்டும். இரண்டுமே இல்லாமல் வருஷா வருஷம் உயில் எழுதும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் 'சீனியர்'கள்தான் அவர்கள்!

மே, ஜூன் மாதத்தில் படிப்பு முடியும். அதற்குள் ஆண்டுமலர் அச்சாகி வந்துவிடும். நம்மூர் ஆட்டோகிராஃப் நோட்டையும், பள்ளி ஆண்டுமலரையும், குரூப் போட்டோவையும் ஒரே அட்டைக்குள் தைத்த மாதிரியான புத்தகம் அது. அதில் சீனியர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். பல பள்ளிகளில் இந்தப் பக்கங்களில் மூன்று சமாசாரங்கள் இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். 'வகுப்பு உயில்', 'வகுப்பு ஆரூடம்', அப்புறம் ஓட்டுப் போட்டுத் தரும் பட்டங்கள்.

உயில் கிட்டத்தட்ட வக்கீல் பாஷையிலேயே ஆரம்பிக்கும். 'நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமல்' என்று நம்மூர்ப் பத்திரங்களில் வருமே, அதே தோரணை. சொத்துப் பட்டியலைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். ஒருத்தன் தன் லாக்கரையும் அதற்குள் ஊறிக் கிடக்கும் சாக்ஸையும் தம்பிக்கு எழுதி வைப்பான். ஒருத்தி கணக்கு வகுப்பில் தூங்குவதற்கு வசதியான கடைசி பெஞ்சைப் பதினோராம் வகுப்புத் தோழிக்கு விட்டுப் போவாள். இன்னொருத்தன் தன் தாமத வருகைகள் அத்தனையையும் பள்ளிக்கே தானமாக அளிப்பான்.

ஆரூடம் இன்னொரு ரகம். பத்து அல்லது இருபது வருஷம் கழித்து எல்லோரும் என்ன ஆகியிருப்பார்கள் என்று ஒரு கதை கட்டுவார்கள். படிப்பாளிப் பையன் சர்க்கஸில் சிங்கத்துக்குச் சோறு போடுவான். வாயே திறக்காத பெண் ஏலக் கடையில் கூவிக் கொண்டிருப்பாள். பாஸ்கெட்பால் கேப்டன் தலைமுடி கொட்டி, விக் வியாபாரம் செய்வான். நடக்காது என்று தெரிந்தேதான் எல்லோரும் எழுதுகிறார்கள். படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

இதெல்லாம் வெட்டி வேலை, இத்தனை காகிதத்தை வீணாக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இதை எழுதுபவர்களின் நிலையைக் கொஞ்சம் யோசித்தால் கேள்வி அப்படி வராது. பதினேழு, பதினெட்டு வயதில் பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன், என்ன வேலை என்று அதற்குள் நூறு கேள்வி ஒளிந்திருக்கும். பதில் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் முடியாது. அந்த வயிற்றுக் கலக்கத்தைச் சிரித்துக் கடக்க ஒரு வழிதான் இந்த ஆரூடம். சிங்கத்துக்குச் சோறு போடப் போகிறேன் என்று எழுதுகிறவன், எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை என்பதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறான்.

பெரியவர்கள் சொல்லும் ஆரூடத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரியவர்கள் நிஜமாகவே நம்பிச் சொல்வார்கள். அதுதான் அடிக்கடி பொய்த்துப் போகிறது.

1965 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை அமெரிக்கப் பதின்வயதினரைப் பற்றி ஓர் அட்டைப்படக் கட்டுரை போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் பாலிசேட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் சீனியர்கள் அதில் முக்கியமாக வந்தார்கள். வசதியும் படிப்பும் வாய்த்த இந்தத் தலைமுறைக்குப் பொற்காலம் காத்திருக்கிறது என்கிற தொனியில் எழுதப்பட்ட கட்டுரை. அது வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படை வியட்நாமின் டா நாங் கரையில் இறங்கிவிட்டது. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். அந்தப் போரில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், கணக்கில் அதைவிடப் பல மடங்கு வியட்நாமியரும் செத்துப் போனார்கள்.

அதே வகுப்பில் படித்த மைக்கேல் மெட்வெட், டேவிட் வாலெசின்ஸ்கி என்ற இரண்டு பேர், பத்து வருஷம் கழித்துத் தங்கள் வகுப்புத் தோழர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 1976-ல் ஒரு புத்தகமே போட்டார்கள். '65-ஆம் வருஷ வகுப்புக்கு நிஜத்தில் என்னதான் ஆயிற்று என்பதே புத்தகத்தின் தலைப்பும் விஷயமும். பத்திரிகை சொன்ன பொற்காலத்துக்கும் அவர்களில் பலர் வாழ்ந்த வாழ்க்கைக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. தீவிரமாகச் சொன்ன ஜோசியம் அப்படிப் போயிற்று. வேடிக்கைக்குச் சொன்ன ஜோசியமாக இருந்திருந்தால் பொய்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சில சமயம் விளையாட்டு மாதிரித் தெரிகிற கனவு பாதி பலித்தும் விடும். 1982-ல் மியாமி பால்மெட்டோ உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறிய ஒரு பையன், விண்வெளியில் ஓட்டல்கள், பொழுதுபோக்குப் பூங்காக்கள், இருபது முப்பது லட்சம் பேர் வாழும் குடியிருப்புகள் எல்லாம் கட்டப் போவதாகச் சொன்னது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. கேட்டவர்கள் சிரித்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பையன் பெயர் ஜெஃப் பெசோஸ். 1994-ல் அமேசானைத் தொடங்கினார். 2000-ல் ப்ளூ ஆரிஜின் என்ற ராக்கெட் கம்பெனியை ஆரம்பித்தார். 2021 ஜூலை 20 அன்று அதில் ஏறிப் பத்து நிமிஷம் போய்விட்டு வந்தார். ஓட்டல் மட்டும் இன்னும் கட்டியபாடில்லை!

ஆக உயிலும் ஆரூடமும் இருந்துவிட்டுப் போகட்டும். வில்லங்கம் மூன்றாவது சமாசாரத்தில்தான் இருக்கிறது. ஓட்டுப் போட்டுத் தரும் பட்டங்களைத்தான் சொல்கிறோம்.

நன்றாக உடுத்துபவர், வகுப்புக் கோமாளி, அழகான கண் உள்ளவர் என்று நிறையப் பட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இவற்றுக்கெல்லாம் மகுடம் மாதிரி 'வாழ்க்கையில் ஜெயிக்க அதிக வாய்ப்புள்ளவர்' என்று ஒரு பட்டம். எழுநூறு பேர் படிக்கிற வகுப்பில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஜெயிப்பார்கள் என்று அச்சடித்துக் கொடுத்தால் மிச்சப் பேர் என்ன நினைத்துக் கொள்வது? பட்டம் வாங்கியவர் பாடும் லேசில்லை. முப்பது வயதில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அலமாரியிலிருந்து அந்தப் புத்தகம் முறைக்கும்.

இதற்கு நேர் எதிர்ப் பட்டமும் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் ரெட்வுட் உயர்நிலைப் பள்ளியில் 1969-ல் படிப்பு முடித்த ஒரு மாணவனுக்கு வகுப்பு இரண்டு பட்டங்கள் கொடுத்தது. ஒன்று, 'எல்லோரையும் விட வேடிக்கையானவர்'. இன்னொன்று, 'ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவர்'. பையன் ராபின் வில்லியம்ஸ். 'குட் வில் ஹண்டிங்' படத்துக்காக 1998-ல் ஆஸ்கர் வாங்கினார். வகுப்பு சொன்னதில் முதலாவது சரி, இரண்டாவது சுத்தத் தப்பு. கூட இருந்து பார்த்ததைச் சொன்னபோது சரியாகச் சொன்னார்கள், பார்க்காத எதிர்காலத்தைச் சொன்னபோது கோட்டை விட்டார்கள்.

'அவர்தான் ஜெயித்துவிட்டாரே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். ராபின் வில்லியம்ஸ் கதை நமக்குத் தெரிவதே அவர் ஜெயித்ததால்தான். அதே மாதிரிப் பட்டம் வாங்கி, அதை நிஜமென்று நம்பிச் சுருண்டு போனவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் கதையை யார் எழுதப் போகிறார்கள்?

இதைவிடச் சிக்கலானது, கேலிக்கு ஆளாகிறவருக்கே தெரியாமல் அச்சாகும் கேலி. 2018-ல் பிரெட் கவனாவை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பதற்கான விசாரணை நடந்தபோது, அவர் படித்த ஜார்ஜ்டவுன் பிரெப் என்ற ஆண்கள் பள்ளியின் 1983 ஆண்டுமலரைப் பிரித்துப் படித்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவி ஒருத்தியின் பெயரைப் பல பையன்கள் தங்கள் பக்கத்தில் ஒரு மாதிரிக் கேலியாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கவனா நல்லவர் என்று கையெழுத்துப் போட்ட 65 பெண்களில் அவரும் ஒருவர்! முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தெரிந்தபோது மனது ரொம்பவும் நொந்து போனதாகச் சொன்னார். பாசத்தோடுதான் எழுதினோம், தப்பான அர்த்தம் இல்லை என்று சொன்ன கவனா, அதற்காக அந்தப் பெண்ணிடம் வருத்தமும் தெரிவித்தார். அவர் சொன்னதை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஒரு விஷயம் மட்டும் நிச்சயம். சிரித்தவர்கள் ஒரு பக்கம், சிரிக்கப்பட்டவர் இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்தில் இருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் காலத்திலாவது ஆண்டுமலர் பரணில் தூசி படிந்து கிடக்கும். இப்போது பழைய ஆண்டுமலர்களையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். பேரன் தேடினாலும் கிடைக்கும், வேலை கொடுப்பவர் தேடினாலும் கிடைக்கும்.

'அப்படியானால் பேசாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமே?' நிர்வாகத்துக்குச் சுலபமான வழி அதுதான். சட்டமும் இடம் கொடுக்கிறது. பள்ளி நடத்தும் மாணவர் பத்திரிகையில் நியாயமான கல்விக் காரணம் இருந்தால் நிர்வாகம் கை வைக்கலாம் என்று 1988-ல் ஹேசல்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் கை வைத்து வைத்துக் கடைசியில் என்ன மிஞ்சும்? 'கனவு காணுங்கள், உழையுங்கள், உயருங்கள்' என்று எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம் மிஞ்சும். அதற்குப் பிள்ளைகள் எதற்கு, வாழ்த்து அட்டைக் கம்பெனி போதுமே.

பிரிவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2020-ல் எல்லோருமே பார்த்தார்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடின. சீனியர்களுக்கு விழா இல்லை, நடனம் இல்லை, ஒருவர் புத்தகத்தில் ஒருவர் எழுதிக் கொடுக்கும் கடைசி வாரமும் இல்லை. பல ஊர்களில் காரை விட்டு இறங்காமலே பட்டம் வாங்கினார்கள். வீட்டு வாசலில் பிள்ளையின் பெயர் போட்டு அட்டை நட்டு வைத்தார்கள். ஒன்றுமில்லாத சடங்கு என்று நினைத்தது இல்லாமல் போனபோதுதான், அது எத்தனை பேருக்குத் தேவையாயிருந்தது என்று புரிந்தது.

எனவே நிறுத்த வேண்டியதில்லை. மூன்று காரியம் செய்தால் போதும்.

ஒன்று, ஆரூடத்தை அவரவரே தன்னைப் பற்றி எழுதட்டும். தன்னைத்தானே கேலி செய்து கொள்ளும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பிரபலமான பிள்ளைகள் உட்கார்ந்து நானூறு பேருக்குத் தலையெழுத்து எழுதினால் அந்த நிதானம் வராது.

இரண்டு, ஜெயிப்பவர், தோற்பவர் என்கிற பட்டங்களைத் தூக்கிவிடலாம். கண்ணால் பார்த்ததற்குப் பட்டம் கொடுக்கட்டும். மழையில் குடையைப் பங்கு போட்டவர், மதிய உணவில் தனியாக உட்கார்ந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் என்று கொடுத்தால் அது தப்பவே தப்பாது. நடந்து முடிந்த விஷயமாயிற்றே!

மூன்று, அடுத்தவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமென்றால் ஒரு சின்னச் சோதனை. இருபது வருஷம் கழித்துப் பழைய மாணவர் கூட்டத்தில் அந்த ஆளே மேடையேறி, தன் பிள்ளைகள் எதிரில் இதைச் சிரித்துக் கொண்டே வாசிக்க முடியுமா? முடியும் என்றால் அச்சுக்குப் போகலாம். சந்தேகமாக இருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போகட்டும்.

சோறு போடுகிறேன் என்று எழுதியவன் சிங்கத்தைப் பார்க்காமலே போகலாம். சாக்ஸை வாங்கிக் கொண்ட தம்பி அதை அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பான். உயிலில் எழுதி வைப்பதற்குப் பதினேழு வயதில் யாரிடமும் ஒன்றும் கிடையாது, 'நானும் இங்கே இருந்தேன், உங்களோடு சிரித்தேன்' என்கிற ஒரு வரியைத் தவிர. அந்த ஒரு வரியை எழுத எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகத்தில் இடம் கிடைத்தால் போதும்.