நடிக்கிறான் என்றார்கள்

தலையில அடிபட்ட ஆள் எழுந்து உட்கார்ந்து தண்ணி கேட்டா, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்"னு நாம கலைஞ்சு போயிடுறோம். பொட்டுப் பக்கத்து எலும்பு மெல்லிசு. அதன் உள்பக்கம் ஒட்டி ஓடும் தமனி கிழிந்தாலும் சில மணி நேரம் ஆள் தெளிவாகவே பேசலாம். எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்து மூளையை அமுக்கும்போதுதான் தலைவலி, வாந்தி, ஒரு கண்மணி மட்டும் விரிவது, மயக்கம். சீக்கிரமாக மண்டையோட்டைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்துக் கசியும் குழாயை அடைத்தால் பலர் பிழைக்கிறார்கள். சிரை கிழிந்தால் கசிவு மெதுவாக இருக்கும். வயசானவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். சி.டி. ஸ்கேன் இதையெல்லாம் காட்டிவிடும்.

ஆனால் ஸ்கேனுக்கு முன்னால், அடிபட்டவரை எதிரில் நிற்பவர் நம்ப வேண்டும்.

ஸ்டீவ் பிகோ. தென்னாப்பிரிக்கக் கறுப்பு உணர்வு இயக்கத் தோழர், மருத்துவ மாணவராக இருந்தவர். 1977 செப்டம்பரில் போர்ட் எலிசபெத் போலீஸ் விசாரணையில் மூளையில் காயம். நாக்கு குழறியது, நடை தள்ளாடியது. நடிக்கிறான் என்றது போலீஸ். டாக்டர் லாங், கோளாறு எதுவுமில்லை என்று சான்றிதழ் எழுதினார். பாதத்தைக் கீறினால் பெருவிரல் மேலே போனது; முதுகுத்தண்டு நீரில் ரத்தம் இருந்தது. அதற்கப்புறமும் நிர்வாணமாக ஜீப்பில் கிடத்தி 1,100 கிலோமீட்டருக்கு மேல், பிரிட்டோரியா சிறைக்கு! செப்டம்பர் 12ல் செத்துப்போனார். வயது 30. உண்ணாவிரதம் இருந்தார் என்றார் மந்திரி க்ரூகர். யாரும் பொறுப்பில்லை என்றது விசாரணை மன்றம். 1985ல்தான் மருத்துவக் கவுன்சில் இரண்டு டாக்டர்களைக் குற்றவாளிகள் என்றது.

ஸ்கேனுக்கான கணக்கை 1956ல் கேப் டவுன் ஆஸ்பத்திரியில் யோசிக்கத் தொடங்கிய ஆலன் கார்மாக்கும் அந்நாட்டுக்காரர்தான். 1979ல் நோபல் வாங்கினார். அறிவுக்கா அங்கே பஞ்சம்?

பேங்க் கவுன்டரில் கையெழுத்து கோணினால் மறுபடி போடச் சொல்கிறவன் நான். லாங்கின் சான்றிதழில் கையெழுத்து சரியாகத்தான் இருந்தது. பொய் அதற்கு மேலே இருந்தது.

நம்ம ஆள் சீட்டில் 'குடித்திருக்கிறார்' என்று எழுதி பெஞ்சில் படுக்க வைப்பதும் இதே நோய்க்கணிப்புதான். குடித்தவர் மண்டையும் உடையும். வாசனை அடித்தாலும் ஸ்கேன் கேளுங்கள். 1974லேயே கிளாஸ்கோவில் வகுத்த நினைவு அளவுகோல் இருக்கிறது: கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது, மொத்தம் 15. அதை அடிக்கடி பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். எண் இறங்கினால் வார்டையே எழுப்புங்கள். முதல் ராத்திரி ஆளைத் தனியே தூங்க விடாதீர்கள். சீட்டை வாங்கும்போது, பார்த்த நேரம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.